வாசகர் கேட்டவை: ஒரு சத லொத்தரும் ஓர் உருக்கு நகரமும்

அமெரிக்காவின் உருக்காலை ஊர்கள் எப்படி வெறிச்சோடின என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுனைப் பற்றி "பாதாள உலகமும் சேர்ந்து அரித்த ஊர்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போனேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல். சரி, இந்த இதழ் முழுக்க அந்த ஊரே இருக்கட்டும்.

கொக்குவிலிலிருந்து ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர்: மாபியா என்றால் நியூயோர்க், சிக்காகோ என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். இரும்பு உருக்கிப் பிழைத்த ஒரு நடுத்தர ஊருக்குள் அவர்கள் ஏன் வந்தார்கள்? அங்கே பக்கத்தில் இருக்கும் என் மருமகன், கார்க் குண்டுக்கே அந்த ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்கிறான், உண்மையா?

உண்மைதான் ஐயா. காரை கராஜில் விட்டு எஞ்சினைச் சரிபார்ப்பதை அங்கே ரியூன்-அப் என்பார்கள். திறப்பைத் திருப்பியதும் கார் வெடிப்பதற்கு "யங்ஸ்டவுன் ரியூன்-அப்" என்று பெயர் விழுந்துவிட்டது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அத்தனை குண்டுகள். 1963 இல் ஒரு பெரிய அமெரிக்க வார இதழ் அந்த ஊருக்குக் "குற்ற நகரம்" என்றே தலைப்புப் போட்டது.

ஏன் வந்தார்கள் என்றால், முதற் காரணம் காசு. மஹோனிங் ஆற்றங்கரையில் மைல் கணக்கில் உருக்காலைகள் வரிசையாக நின்ற காலம் அது. 1930 குடிசன மதிப்பில் ஊரின் சனத்தொகை 170,000. ஆலை இரவு பகலாக ஓடும், நள்ளிரவில் வேலை முடிந்து கரிபிடித்த முகத்தோடு வெளியே வருகிறவனின் பையில் சம்பளக் காசு இருக்கும், அந்த நேரத்தில் அவனுக்குத் திறந்திருக்கும் கதவு தவறணைக் கதவும் சூதாட்டக் கதவும்தான். அதோடு ஊர் இருந்த இடமும் பொல்லாத இடம். கிளீவ்லண்டுக்கும் பிற்ஸ்பேர்க்குக்கும் நட்ட நடுவில், இரண்டு பக்கமும் ஏறக்குறைய 100 கிலோமீற்றர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போவதைவிடக் குறைந்த தூரம். இரண்டு நகரத்திலும் ஒவ்வொரு மாபியாக் குடும்பம் இருந்தது, இரண்டும் இந்த ஊரின் வருமானத்தைத் தன்னுடையது என்றது. ஒரே கோஷ்டியின் கையில் இருந்திருந்தால் இத்தனை குண்டு வெடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. உருக்காலைக்கு வேலை தேடி வந்தவர்கள் இத்தாலியர், சிலோவாக்கியர், ஹங்கேரியர், ஐரிஷ்காரர், தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர். 1920 இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. வீட்டில் வைன் தயாரிப்பதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த இத்தாலியக் குடும்பம் ஒரே இரவில் எங்கள் ஊர்க் கசிப்புக்காரரின் நிலைக்கு வந்துவிட்டது. அதே காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் கூ க்ளக்ஸ் கிளான் வேர்விட்டது. மதுவிலக்கை இறுக்கு, கத்தோலிக்கரை அடக்கு, வந்தேறிகளைத் துரத்து என்ற கூட்டம் அது. 1923 தேர்தலில் அவர்கள் ஆதரித்தவர்தான் யங்ஸ்டவுன் மேயராக வந்தார். அடுத்த வருஷம் நவம்பரில் பக்கத்து நைல்ஸ் ஊரில் கிளான் ஊர்வலத்தை இத்தாலியரும் ஐரிஷ்காரரும் மறித்துச் சண்டை மூண்டு, படை இறக்கித்தான் அடக்கினார்கள்.

இனி அந்த இத்தாலியக் கிழவரின் இடத்தில் நின்று பாருங்கள். நகரசபையில் இருப்பவன் உன்னை வெறுக்கிறவன், பொலிஸ்காரன் உன் நிலவறையை உடைத்துப் பீப்பாயை ஊற்றுகிறவன். உன் பாஷை கதைத்து, உன் கோயிலுக்கு வந்து, அந்தரத்துக்கு ஐந்து டொலர் கடன் தருகிறவன் கள்ளச் சாராயம் ஏற்றுகிற பக்கத்துத் தெருப் பெடியன். யாரை "எங்கட ஆள்" என்பீர்கள்? 1933 இல் மதுவிலக்கு போய்விட்டது. பெடியன் போகவில்லை, சாராயத்தை விட்டுவிட்டுச் சூதாட்டத்துக்கு மாறினான்.

பருத்தித்துறையிலிருந்து வங்கியில் வேலை செய்யும் வாசகி: சதக் கணக்கில் கட்டும் ஒரு லொத்தர்தான் அங்கே மாபியாவின் முதுகெலும்பு என்று எங்கோ படித்தேன். கணக்கு இடிக்கிறதே. சதத்தில் என்ன இலாபம்?

இடிக்காது தங்கச்சி, போட்டுக் காட்டுகிறேன். யங்ஸ்டவுனில் அதற்குப் பெயர் "பக்", அதாவது பூச்சி. 000 முதல் 999 வரை ஏதாவதொரு மூன்று இலக்க எண்ணைச் சொல்லிக் கையில் இருக்கிற காசைக் கட்டலாம். வெற்றி எண்ணை அவர்களே குலுக்கி எடுத்தால் சனம் நம்பாது என்பதால் இப்படியான ஆட்டங்களில் பத்திரிகையில் அச்சாகும் பங்குச் சந்தைக் கணக்கின் கடைசி இலக்கங்கள் மாதிரியான ஒன்றைத்தான் எடுப்பார்கள். பின்னேரம் பேப்பரை விரித்தால் யாரும் பார்த்துக்கொள்ளலாம், கள்ளம் என்று சொல்ல இடமில்லை.

ஆயிரம் பேர் ஆயிரம் எண்ணுக்கு ஆளுக்கு ஒரு சதம் கட்டினால் சேர்வது 10 டொலர். வென்றவருக்குக் கொடுப்பது ஒன்றுக்கு ஐந்நூறு, மிஞ்சினால் அறுநூறு மடங்கு, அதாவது 5 அல்லது 6 டொலர். மீதி 5 அல்லது 4 டொலர் எந்த எண் விழுந்தாலும் நடத்துகிறவனுக்கு. அவனுக்கு அதிர்ஷ்டமும் வேண்டாம், ஆளை ஏமாற்றவும் வேண்டாம், கணக்கே அவன் பக்கம். இதை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர், வாரத்துக்கு ஆறு நாள், வருஷக் கணக்கில் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அந்த மீதியிலும் பங்கு இருக்கிறது. வீடு வீடாகவும் ஆலை வாசலிலும் துண்டு எழுதிக் காசு வாங்குகிற ஆளுக்கு ஒரு பங்கு. மேலே இருக்கிற பெரியவருக்கு ஒரு பங்கு. அப்புறம் கண்ணை மூடிக்கொள்கிற பொலிஸுக்கு, வழக்கைத் தள்ளிப்போடுகிற நீதவானுக்கு, தேர்தலில் நிற்கிறவருக்கு என்று ஒவ்வொன்று. ஒரு சதத்தைக் கட்டிய ஆலைத் தொழிலாளி தன் ஊர் நீதிமன்றத்தை விலைக்கு வாங்குவதற்குத் தன்னுடைய காசையே கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் இதில் என்னை உலுக்கிய விஷயம். அவருக்கு அது தெரியவே தெரியாது. சும்மா ஒரு சதம்தானே.

பெரிய சூதாட்ட மண்டபங்களும் இருந்தன. ஊருக்கு வெளியே ஜங்கிள் இன் என்ற ஒன்று வருஷக் கணக்கில் பகிரங்கமாக ஓடியது. உள்ளூர்ப் பொலிஸ் தொடாத அதை 1949 ஓகஸ்டில் மாநில மதுவரி அதிகாரிகள் வந்துதான் மூடவேண்டியிருந்தது. ஆனால் மண்டபத்தை மூடலாம். சட்டைப் பைக்குள் இருக்கிற துண்டை எப்படி மூடுவது?

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னேரம் ஐந்து மணி தாண்டியதும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். மேல்பையில் நீல மட்டைக் கொப்பி, அதற்கு ரப்பர் பட்டி. படலையடியில் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார், உள்ளேயிருந்து யாராவது கசங்கிய தாளை நீட்டுவார்கள், அவர் நாக்கில் விரல் வைத்துக் கொப்பியைப் புரட்டி ஒரு கோடு கீறிவிட்டு அடுத்த படலைக்குப் போவார். நாள் வட்டி. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வங்கி ஒன்றில் கடிதம், பிணையாள், இன்னொரு கடிதம் என்று இழுத்தடித்தார்கள். இவர் ஒரு கேள்வியும் கேட்காமல் எண்ணித் தந்தார். நான் அந்த மனிதரைக் கும்பிட்டேன். அவர் யாருடைய காசைக் கொண்டுவந்து தருகிறார், கட்டத் தவறினால் யார் வருவார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. ஆகவே யங்ஸ்டவுன் சனத்தை நான் எளிதில் குறை சொல்லமாட்டேன்.

சாவகச்சேரியிலிருந்து ஆசிரியை ஒருவர்: மாபியா பெண்களையும் பிள்ளைகளையும் தொடமாட்டாது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது சரியா?

சரியில்லை ரீச்சர். 1962 நவம்பர் 23. அமெரிக்கர்கள் குடும்பமாகச் சேர்ந்து நன்றி சொல்லிச் சாப்பிடுகிற திருநாளுக்கு அடுத்த நாள். "கடிலாக் சார்லி" என்று ஊரறிந்த சார்ள்ஸ் கவல்லாரோ தன் வீட்டுக் கராஜில் காரில் ஏறினார், கூட அவருடைய இரண்டு ஆண்பிள்ளைகள். குண்டு வெடித்தது. தகப்பனும் 11 வயது ரொமியும் செத்தார்கள், 12 வயது மூத்தவன் படுகாயத்தோடு தப்பினான். முந்தின நாள் விருந்து மிச்சம் அந்த வீட்டுக் குசினியில் அப்போதும் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மேலே எழுத ஓடவில்லை.

அதுவரை ஊரில் பலர் கார்க் குண்டை "அவர்களுக்குள் அடிபடுகிறார்கள், எங்களுக்கென்ன" என்றுதான் பார்த்தார்கள். நான் மேலே சொன்ன வார இதழ்க் கட்டுரை இந்தச் சாவுக்குப் பிறகு வந்ததுதான். நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் பூச்சி லொத்தர் நிற்கவில்லை.

இதற்குப் பல வருஷம் முன்பே ஒருவர் முயன்று பார்த்ததையும் சொல்லவேண்டும். 1947 இல் சார்ள்ஸ் ஹென்டர்சன் கோஷ்டி ஆட்சியை நொறுக்குவேன் என்று சொல்லி மேயரானார். அவர் பொலிஸ் தலைவராக உள்ளூரில் ஒருவரையும் போடாமல் பென்சில்வேனியாவின் ஈரி நகரிலிருந்து எட்வர்ட் அலன் என்பவரைக் கொண்டுவந்தார். யாருக்கும் கடன்படாத ஆள் வேண்டும் என்றால் வெளியூரில்தான் தேடவேண்டும் என்ற நிலை. அலன் இருந்த சில வருஷம் கோஷ்டிகளுக்கு மூச்சு முட்டியது, அவர் போனதும் பழையபடி.

காரைநகரிலிருந்து பல்கலைக்கழக மாணவர்: மாபியாவிடம் காசு வாங்கியதாகப் பிடிபட்டவரைச் சனம் திரும்பத் திரும்ப வாக்குப் போட்டு அனுப்பியது எப்படி? படிப்பறிவு இல்லாததாலா?

இல்லை தம்பி, அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்கிற ஆள் ஜிம் ட்ராபிக்கன்ட். அவரை விளங்கிக்கொள்ள முதலில் 1977 செப்டெம்பர் 19 ஐ விளங்கிக்கொள்ளவேண்டும். அன்று திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அன்ட் ரியூப் நிறுவனம் தன் கம்பெல் ஆலையை மூடுவதாக அறிவித்தது, ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போனது. அங்கே இன்றும் அதைக் கறுப்புத் திங்கள் என்கிறார்கள். அடுத்த சில வருஷத்தில் மற்ற ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் நின்றபோது அதை நம்பியிருந்த வீடுகள் என்ன பாடுபட்டன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எங்களுக்குப் போர், அவர்களுக்கு முதலாளி, அடுப்பு அணைந்தது ஒன்றுபோலத்தான்.

அந்த நேரத்தில், 1980 இல், ட்ராபிக்கன்ட் மாவட்ட ஷெரிப்பாக, அதாவது நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றுகிற பொலிஸ் அதிகாரியாக, தெரிவானார். உருக்காலைத் தொழிலாளர் வீடுகள் கடனுக்கு ஏலத்தில் போகத் தொடங்கின. குடும்பத்தை வெளியேற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு அனுப்பியது, இவர் நிறைவேற்றமாட்டேன் என்றார், அதற்காகச் சில நாள் சிறையிலும் இருந்தார். வேலை போன ஒருவரின் வாசலில் நின்று "நீ போகவேண்டாம்" என்று சொன்ன ஒரே அரசு அதிகாரி அவர். அதை எந்தக் குடும்பம் மறக்கும்?

மறுபக்கம் 1982 இல் அவர்மேல் வழக்கு வந்தது. தேர்தலின்போது இரண்டு கோஷ்டியிடமும் மொத்தம் 163,000 டொலர் வாங்கினார் என்று, அவருடைய குரல் பதிவான ஒலிநாடாவோடு. சட்டம் படிக்காத மனிதர் தனக்குத் தானே வாதாடினார். நான் கோஷ்டியைப் பிடிக்கத் தனியாளாக வலை விரித்தேன் என்றார். ஜூரி 1983 இல் விடுதலை செய்தது. அடுத்த வருஷம் அமெரிக்கப் பாராளுமன்றமான கொங்கிரஸுக்கே தெரிவாகிவிட்டார். 1987 இல் வரி நீதிமன்றம், அந்தக் காசை இவர் வாங்கியது உண்மை, அதற்கு வரி கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சனம் அப்போதும் விடவில்லை. 2002 இல் லஞ்சம், வரி ஏய்ப்பு உட்பட 10 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 420 க்கு 1 என்ற வாக்கில் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே வருஷம் சிறைக்குள்ளிருந்தே போட்டியிட்டுக் கிட்டத்தட்ட 15 சதவீத வாக்கு எடுத்தார்.

முழுக்கக் கள்ளன் என்றோ ஏழைகளின் காவலன் என்றோ ஒரு சொல்லில் முடிக்க எனக்கு வரவில்லை. ஏலத்தை மறித்தது உண்மை, அதே கை காசு வாங்கியதும் உண்மை. மற்றவர்கள் எல்லாரும் கைவிட்ட இடத்தில் ஒருவன் கை நீட்டினால், அவன் மற்றக் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று சனம் பார்ப்பதில்லை. நான் கொப்பிக்காரரைப் பார்க்காத மாதிரி.

சுன்னாகத்திலிருந்து: பிறகு எப்படித்தான் அடங்கியது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 70களின் கடைசியில் கிளீவ்லண்ட் பக்கமும் பிற்ஸ்பேர்க் பக்கமும் நேரடியாக மோதின. 1980 டிசெம்பரில் கிளீவ்லண்ட் பக்கத்து ஆளான சார்ளி கரேபியா காணாமற்போனார். பிற்ஸ்பேர்க் பக்கம் மிஞ்சியது. அதன் உள்ளூர்த் தலைவர் ஜோய் நேப்பிள்ஸ் 1991 ஓகஸ்டில் தான் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டைப் பார்க்கப்போன இடத்தில் சுடப்பட்டார். அப்புறம் லெனி ஸ்ட்ரோலோ.

ஸ்ட்ரோலோ செய்த பிழை 1996 நத்தாருக்கு முந்தின இரவு நடந்தது. போல் கெயின்ஸ் என்பவர் அப்போதுதான் மாவட்ட அரச வழக்கறிஞராகத் தெரிவாகியிருந்தார், பதவியேற்கவில்லை. விலைக்கு வாங்கமுடியாத ஆள் என்பதால் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். துப்பாக்கி இடையில் சிக்கிக்கொண்டது, கெயின்ஸ் பிழைத்தார். யார் செய்தது என்று மாதக் கணக்கில் தெரியவில்லை. ஒரு நாள் ஒரு பெண் அவருக்குத் தொலைபேசி எடுத்து உங்களைச் சுட்டது யார் என்று எனக்குத் தெரியும் என்றார். அந்தக் கூட்டத்தில் ஒருவனின் முன்னாள் காதலி. அந்த நூலைப் பிடித்து எப்.பி.ஐ. மேலே ஏறியது. 1997 டிசெம்பரில் ஸ்ட்ரோலோ கைதானார், 1999 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சியாகவும் மாறினார். பிறகு வரிசையாக விழுந்தவர்களில் நீதிபதிகள், ஒரு ஷெரிப், கெயின்ஸுக்கு முன்பு அதே கதிரையில் இருந்த அரச வழக்கறிஞர் எல்லாரும் உண்டு. பட்டியலைப் படித்தபோதுதான் அந்தச் சதக் காசு எங்கெல்லாம் போயிருந்தது என்று எனக்கு முழுசாக விளங்கியது.

மானிப்பாயிலிருந்து தாய் ஒருவர்: எங்கள் பக்கத்திலும் வாளோடு திரிகிற பெடியள் இருக்கிறார்கள். இரவில் படலை தட்டினால் நெஞ்சு பதறுகிறது. நீங்கள் எழுதுகிற ஊருக்கும் எங்களுக்கும் ஏதும் ஒற்றுமை உண்டா?

அக்கா, அளவில் இல்லை, அப்படிச் சொல்லி உங்களைப் பயப்படுத்தவும் மாட்டேன். அங்கே எழுபது வருஷம் ஊறியது. ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுவேன். நாங்கள் வாளை மட்டும் பார்க்கிறோம். பிடிபட்ட பெடியனின் வயது, அவன் ரிக்ரொக்கில் போட்ட படம், பொலிஸ் மேசையில் அடுக்கிய வாள்கள். யங்ஸ்டவுனிலும் குண்டைத்தான் பார்த்தார்கள். குண்டு வைத்தவன் கூலிக்காரன். அவனுக்குக் கூலி வந்த வழி, ஒருவரும் தவறென்று நினைக்காத சின்னக் கொடுக்கல் வாங்கல்.

ஆகவே உங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் திடீரென்று புது மோட்டார் சைக்கிளில் வந்தால், அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று அவனுடைய தாயோடு இருந்து கதையுங்கள், பொலிஸுக்குப் போவதற்கு முன்பே. போதைப்பொருளா, வட்டிக் காசு அறவிடுகிற வேலையா, வெளிநாட்டிலிருந்து யாரோ பழிதீர்க்க அனுப்புகிற காசா? அந்தத் தாய்க்கும் உங்களைப்போல நெஞ்சு பதறிக்கொண்டுதான் இருக்கும். தனியாகப் போகப் பயமென்றால் ஊரில் மதிப்புள்ள இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். இது நான் நடக்கக் கண்ட விஷயம், எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பெடியன் இப்படித் திரும்பி வந்தான், இன்றைக்கு மேசன் வேலை செய்கிறான்.

நெல்லியடியிலிருந்து: இப்போது அந்த ஊர் எப்படி? அந்தப் பூச்சி லொத்தர் இன்னும் இருக்கிறதா?

2020 குடிசன மதிப்பில் 60,068 பேர். 1930 இல் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆலை நின்ற இடங்களில் பல வெறும் புல்வெளி. உருக்குத் தொழிலுக்கு என்று நகர நடுவில் ஒரு நூதனசாலை இருக்கிறது, கொக்குவில் ஐயாவின் மருமகன் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்.

லொத்தரை 1974 முதல் ஒஹாயோ அரசே நடத்துகிறது. மூன்று இலக்க ஆட்டமும் அதில் உண்டு, ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை குலுக்கல். 000 முதல் 999 வரை ஓர் எண், ஒரு டொலர் கட்டி அதே வரிசையில் விழுந்தால் 500 டொலர். இலாபம் பாடசாலைகளுக்குப் போகிறது.